ரெட்டைக் கோடு

திருப்பதியில், குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் ஸ்ரீவல்லியின் அறையில் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை இருந்தவர்கள் இவர்கள்.

மேஜைக்கு எதிரே, கதவை ஒட்டிய நாற்காலியில் எழிலரசன். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் அவன் அம்மா கங்கம்மாள், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி. அவளுக்குப் பின்னால் சுவரோரம் கிடந்த ஸ்டூலில் அவளுடைய தம்பி தாமோதரன். பிள்ளைகளைப் படுக்கவைத்துப் பார்க்கும் கட்டிலின் ஓரத்தில், ஒரு கால் தரையிலும் ஒரு கால் தொங்கலுமாக எழிலரசனின் மனைவி யாமினி. அவள் மடியில் எட்டு மாதத்துத் தமிழரசு, அம்மாவின் துப்பட்டா நுனியைச் சப்பிக்கொண்டிருந்தான்.

வரவேண்டிய ஒருவன் மட்டும் வரவில்லை. யாமினியின் தம்பி கிஷோர் கீழே காரிலேயே உட்கார்ந்துவிட்டான். "வண்டிய எடுக்கச் சொல்லுவாங்க, நான் இங்கியே இருக்கேன்" என்றான். வண்டி நிறுத்தும் இடமோ பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது.

யாமினி உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மூன்று பேரின் முகமும் நன்றாகத் தெரியும். அதற்காகவேதான் அவள் அங்கே போய் உட்கார்ந்தாள்.

இந்த வீட்டுக்குள் இன்றுதான் காலெடுத்து வைக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கங்கம்மாள் யாமினிக்கு மாமியார் மட்டுமில்லை, சொந்த அத்தை. நகரியில் தறி ஓட்டும் தாமோதரன், மகள் யாமினியைத் தன் அக்கா மகனுக்கே கொடுத்துச் சித்தூருக்கு அனுப்பினார். இப்போது அக்கா மகள் மோனிகாவைத் தன் மகன் கிஷோருக்கு எடுக்கப்போகிறார். பெண்ணைக் கொடுத்துப் பெண்ணை எடுப்பது. அந்தப் பக்கத்தில் குண்டமார்பிடி என்பார்கள். இந்த வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.

தமிழரசுக்கு இருக்கும் குறை, பிறந்த அன்றே தெரிந்தது. சிறுநீர் வரும் துளை நுனியில் இல்லாமல் அடியில் தள்ளியிருந்தது. அதை டாக்டர் வந்து சொல்வதற்கு முன்பே, துணியை விலக்கிப் பார்த்த கங்கம்மாள் நர்ஸிடம் கேட்ட முதல் கேள்வி, "நேரா போறானா பாரும்மா" என்பது. பிறந்த பிள்ளையைப் பார்த்து நிறம் கேட்பார்கள், எடை கேட்பார்கள். இப்படி யாராவது கேட்பார்களா? அரை மயக்கத்தில் படுத்திருந்த யாமினி காதில் அது விழுந்தது. அன்றைக்கு உள்ளே போன முள் இன்னும் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் கங்கம்மாள் ஒரே பாட்டைத்தான் பாடினாள். "மூணாம் மாசத்துல லேசா ரத்தம் பட்டுதுன்னு, இவ நைனா எவளோ ஒரு டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போயி மாத்திரை வாங்கிக் குடுத்தாரு. அத துன்னதுதான் வெனை."

அப்போதெல்லாம் தாமோதரன் தலையைக் குனிந்துகொள்வார். பாவம், குற்ற உணர்ச்சி என்று யாமினி நினைத்திருந்தாள்.

"துளை விஷயம் உங்களுக்கே தெரியும்" என்று டாக்டர் ஸ்ரீவல்லி ஆரம்பித்தார். "ஒரு பக்க விதை பைக்குள்ள இறங்கலைன்னு போன தடவை சொன்னேன். இத்தனை நாள் பொறுத்துப் பாத்தாச்சு. இனிமே தானா இறங்காது. ரெண்டும் ஒண்ணா இருக்கிறதால, ஆபரேஷனுக்குத் தேதி குடுக்கிறதுக்கு முன்னாடி எனக்குச் சில விஷயம் தெரியணும்."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். கீழே ஒரு சின்னச் சதுரம் போட்டு அதற்குள் கறுப்படித்தார். அது தமிழரசு. மேலே எழிலரசனுக்கு ஒரு சதுரம், யாமினிக்கு ஒரு வட்டம்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"அத்தை மகன்" என்றாள் யாமினி.

சதுரத்தையும் வட்டத்தையும் சேர்த்து டாக்டர் ஒரு கோடு இழுத்தார். அதை ஒட்டியே இன்னொரு கோடு.

"அது இன்னாத்துக்கு டாக்டர் ரெட்டைக் கோடு?" என்று கங்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ரத்த சொந்தத்துல கட்டியிருந்தா இப்படிப் போடறது வழக்கம்."

"அப்படி பாத்தா எங்க நகரி முழுக்க ரெட்டைக் கோடுதான் போடணும். உங்க பேனாவுல மை பத்தாது."

டாக்டர் சிரித்துவிட்டார். எழிலரசனும் சிரித்தான். ஸ்டூலில் இருந்தவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு வீட்டு ஆம்பளைங்கள்ல யாருக்காவது இதே மாதிரி துளை கீழே இருந்து, சின்ன வயசுல ஆபரேஷன் பண்ணி..."

"இல்ல" என்றாள் கங்கம்மாள்.

"இல்ல" என்றார் தாமோதரன்.

டாக்டர் இன்னும் கேட்டு முடிக்கவே இல்லை. இரண்டு குரலும் ஒரே நேரத்தில், ஒத்திகை பார்த்ததுபோல வந்து விழுந்தன.

"மாத்திரைதான் டாக்டர்" என்று கங்கம்மாள் பேச்சைத் திருப்பினாள். "மூணாம் மாசத்துல..."

"அதைப் போன தடவையே சொன்னீங்க, எழுதியிருக்கேன். கரு தங்கறதுக்குக் குடுக்கிற மாத்திரை அது. அதைச் சந்தேகப்பட்டு ஆராய்ச்சி பண்ணினவங்க உண்டு. சிலர் ஆமாங்கறாங்க, சிலர் இல்லைங்கறாங்க. எல்லாப் பழியையும் ஒரு மாத்திரை தலையில போட்டுட்டு, மத்ததைப் பாக்காம நான் விட முடியாதும்மா."

யாமினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் அவளுக்காக ஒருத்தர் பேசியது அதுதான் முதல் தடவை.

டாக்டர் ஆபரேஷனைப் பற்றி விளக்கினார். துளையை நுனிக்குக் கொண்டுவர வேண்டும், புண் ஆறும் வரை ஒரு வாரம்போல மெல்லிய ட்யூப் ஒன்று இருக்கும், அது இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

எழுந்து வந்த கங்கம்மாளின் கை, பேரனின் இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாணுக்குப் போனது. "இத மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க. ஆம்பளப் புள்ள இடுப்பு வெறுமனே இருக்கக் கூடாது. கட்டை வேகறப்பதான் அத அறுப்பாங்க."

"எடுத்துத்தான் ஆவணும்க்கா" என்றார் தாமோதரன். "ட்யூபு அதுல சுத்திக்கினு ஒரு இழுப்பு இழுத்துதுன்னு வெச்சிக்கோ, புள்ள துடிச்சிப் பூடும். மொத நாளே அறுத்துட்டு..."

அதோடு நின்றுவிட்டார். அக்காவின் தலை மெல்லத் தம்பி பக்கம் திரும்பியது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் டாக்டர்.

"யாரோ... தறிக்காரங்க யாரோ சொல்லிக் கேட்டது."

டாக்டர் பேனாவை மூடினார். "ஒரு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். மறந்துபோனது ஏதாவது ஞாபகம் வந்தா வந்து சொல்லுங்க. சம்பந்தம் கெட்டுடும்னு மறைக்கிறவங்களை நிறையப் பாத்திருக்கேன். என்கிட்ட மறைச்சா, தப்பான வைத்தியம் போய்ச் சேர்றது இந்தப் பிள்ளைக்குத்தான்."

ரத்தம் எடுக்கும் இடத்தில் டோக்கன் வாங்க எழிலரசன் போனான். அக்காவும் தம்பியும் நடைபாதை மூலையில் நின்று ஏதோ கிசுகிசுத்தார்கள். யாமினி பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றது. கங்கம்மாள் சட்டென்று, "இங்க பாத்ரூம் எங்கடி?" என்றாள். பதிலுக்குக் காத்திராமலே போய்விட்டாள்.

தாமோதரன் மகளிடம் ஒரு காகிதக் கோப்பையை நீட்டினார். "டீ. சூடா கீது, பாத்து."

யாமினி வாங்கிக்கொண்டாள். பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள். பிறகு, நேற்றுச் சந்தைக்குப் போனாயா என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

"நைனா, அந்த ட்யூபு எத்தினி நாளு இருந்துது?"

"பத்து நா..."

மீதியை அவர் விழுங்கினார். மகளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே திருமலை மேகத்துக்குள் போயிருந்தது. பார்க்க அங்கே ஒன்றுமில்லை.

யாமினி டீயை அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு வந்தது. நகரியில் தெருக் குழாயடியில் குளிக்கிற பையன்கள் எல்லோர் இடுப்பிலும் கறுப்புக் கயிறு இருக்கும். கிஷோர் இடுப்பில் மட்டும் இருக்காது. கேட்டால் ஏழுமலையானுக்கு வேண்டுதல் என்பார் நைனா. வேண்டிக்கொண்டு கயிறு கட்டுகிறவர்களைத்தான் ஊர் பார்த்திருக்கிறது, அவிழ்க்கிறவர்களை யார் பார்த்தது? அப்புறம் அவளுக்கு எட்டு வயசில் ஒரு கோடை. அம்மாவும் நைனாவும் தம்பியும் "கோயிலுக்கு" என்று போய்விட்டார்கள். அவளைச் சித்தூரில் அத்தை வீட்டில் விட்டார்கள். ஆனால் அத்தை வீட்டில் அத்தை இல்லை. அத்தை புருஷன்தான் சோறு வடித்தார். தினமும் அடிப்பிடித்த சோறு. அதை வைத்து அவரை எத்தனை வருஷம் கிண்டல் செய்திருக்கிறாள்! அத்தை எங்கே போயிருந்தாள் என்று மட்டும் ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை.

கிஷோர் காரின் முன்சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தான்.

"இன்னாக்கா, முடிஞ்சுதா? இன்னா சொன்னாங்க?"

"உன் இடுப்புல ஏண்டா கயிறு இல்ல?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். சிரிக்கப் பார்த்தான். "இன்னாது இது, ரேணிகுண்டா செக்போஸ்ட்டா? மடியில இன்னா கீதுன்னு தடவிப் பாக்கற?"

"கிஷோர்."

"வேண்டுதல்னு நைனா..."

"நைனா இப்பதான் மேல பத்து நாள்னு சொல்லிட்டு நாக்கைக் கடிச்சிக்கினாரு."

அவன் சிரிப்பு போய்விட்டது. கதவைத் திறந்துகொண்டு இறங்கி, "அவன குடு" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

தாய்மாமன் மருமகனைத் தூக்குவது அதுதான் முதல் தடவை. முதல் அரைஞாண் கட்டுவது தாய்மாமன் முறை. அன்றைக்கு டியூட்டி என்று சொல்லி அவன் வரவே இல்லை. வெள்ளிக் கொடியைத் தாமோதரன்தான் கட்டினார்.

"நாலு வயசுல ஒண்ணு, ஏழு வயசுல ஒண்ணு" என்றான் கிஷோர், பிள்ளையின் தலையைப் பார்த்தபடி. "கல்லடைப்புன்னாங்க. கல்லடைப்புக்கு அங்க ஏன் தையல்னு எனக்கு ரொம்ப நாள் புரியல. டிப்ளமோ படிக்கிறப்ப நெட்ல பாத்து தெரிஞ்சிக்கினேன். ஒரு தடவ நைனாகிட்ட கேட்டேன்க்கா. அடிச்சிருந்தா பரவால்ல. அழுதுட்டாரு. அதோட வுட்டுட்டேன்."

"இப்ப?"

"இப்ப எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் கீறேன்." காது சிவந்தது. "போன வருஷம் தனியா போயி ஒரு டாக்டரப் பாத்தேன். எல்லாம் சரியா கீதுன்னாரு."

"அத்தைக்குத் தெரியும்."

"ஆஸ்பத்திரியில என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினு உக்காந்திருந்ததே அத்தைதான். அம்மா பாத்துட்டு மயங்கி விழுந்துட்டாங்களாம்."

"எட்டு மாசமா, நான் துன்ன மாத்திரைதான் காரணம்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சாங்க. நீயும் காதுல வாங்கிக்கினுதான இருந்த?"

"ஆமா."

"ஏண்டா?"

"வாயத் தொறந்தா மோனிகா போயிடுவா."

வேறு சமாதானம் எதுவும் அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாமினி கையை ஓங்கியிருப்பாள். உண்மையைச் சொல்லிவிட்டவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உங்க மாமாவுக்குத் தெரியுமா?" என்றாள். எழிலரசனைத்தான் கேட்டாள்.

கிஷோர் தோளைக் குலுக்கினான். "அவருக்கு அப்ப பன்னெண்டு வயசு இருக்கும். அந்த வயசுல எது காதுல விழுந்துதோ, எது விழலையோ. எனக்குத் தெரியாதுக்கா."

அந்தத் தெரியாது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

"மேல வா. டாக்டர்கிட்ட நீயே சொல்லணும்."

அவன் மறுப்பான் என்று நினைத்தாள். அவனோ பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு முன்னால் நடந்தான்.

டாக்டர் ஸ்ரீவல்லி ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. காலையில் வரைந்த அதே தாளை எடுத்து, யாமினியின் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சதுரம் போட்டு, அதற்கும் கறுப்படித்தார். துளை எந்த இடத்தில் இருந்தது, விதை இறங்கியிருந்ததா, மீசை தாடி வரும் வயசில் ஏதாவது சிரமம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கிஷோர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

"ரொம்ப நல்லது. இப்ப நான் கேக்கப்போற டெஸ்ட்டே வேற" என்றார் டாக்டர். "ஒரு வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா, கூடப் பொறந்தவங்க பிள்ளைங்களுக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூடுதல். கட்டாயம் வரும்னு இல்லை. காரணமே கண்டுபிடிக்க முடியாம போறவங்கதான் அதிகம். ஆனா இங்க ரெட்டைக் கோடும் இருக்கு. தாத்தா பாட்டி வழியா வந்த ஒரு பழுது உங்ககிட்டயும் உங்க கணவர்கிட்டயும் வெளிய தெரியாம இருந்து, ரெண்டும் பிள்ளைகிட்ட ஒண்ணா சேர்ந்திருக்கலாம். ஹார்மோன் சம்பந்தப்பட்டதா இருந்தா அதை முதல்ல கவனிக்கணும். ரிசல்ட் வர மூணு நாலு வாரம் ஆகும். அதுவரைக்கும் கத்தி எடுக்க மாட்டேன்."

"அப்படின்னா தப்பு யார் பக்கம் டாக்டர்?" யாமினி கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"ஆம்பளைக்குச் சதுரம் இருக்கு, பொம்பளைக்கு வட்டம் இருக்கு. குத்தவாளிக்கு நாங்க எதுவும் போடறதில்லைம்மா."

கிஷோர் தொண்டையைச் செருமினான். "எனக்குக் கல்யாணம் பேசியிருக்காங்க டாக்டர். அத்தை மகள்தான். வெள்ளிக்கிழமை நிச்சயம்."

டாக்டரின் பேனா எழிலரசனின் சதுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டது. அங்கிருந்து கிஷோரை நோக்கிப் புறப்பட்டுப் பாதியில் நின்றது.

"அந்தப் பொண்ணுக்கு உங்க விஷயம் தெரியுமா?"

கிஷோர் மறுபடி காலண்டரைப் பார்த்தான்.

"கட்டிக்காதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பிள்ளையோட ரிசல்ட்ல எந்த ஜீன்னு தெரிஞ்சா, உங்க ரெண்டு பேருக்கும் டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். ஆனா அவங்க இந்த நாற்காலியில வந்து உக்காரணும்னா, அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும் இல்லையா?"

இருவரும் வெளியே வந்தபோது நடைபாதை மூலையில் கங்கம்மாள் நின்றிருந்தாள். கிஷோரைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். பின்னால் மூடிக்கொண்ட டாக்டரின் கதவைப் பார்த்தாள்.

"எங்கடி போயிருந்தீங்க ரெண்டு பேரும்?"

"அரைஞாண எப்ப எடுக்கணும்னு கேட்டுக்கினு வரலாம்னு போனோம் அத்தை."

கங்கம்மாள் மறுபடி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒன்றையும் விடாமல் துருவுகிற பொம்பளை கேட்காமல் விட்டதிலேயே, அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று யாமினிக்குத் தெரிந்தது.

தமிழரசு ரத்தம் எடுத்த இடத்தில் அழுத அழுகையில் களைத்து, சித்தூருக்குத் திரும்பும் வழியில் சந்திரகிரி வருவதற்குள் தூங்கிவிட்டான். முன்சீட்டில் இருந்த எழிலரசன் ஒருமுறை கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்து, "என்ன, எல்லாரும் மௌன விரதமா?" என்றான். தெரிந்து கேட்கிறானா, தெரியாமல் கேட்கிறானா? மூன்று வருஷம் கூடவே குடித்தனம் செய்தவன் முகத்தில் அதைப் படிக்க அவளால் முடியவில்லை.

பூதலப்பட்டில் டீக்கு நிறுத்தினார்கள். ஆண்கள் கடையோரம் நின்றார்கள். புங்கமரத்தடி பெஞ்சில் கங்கம்மாள் மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டான் இல்ல?"

"சொல்லிட்டான்."

"நீ என்னைய வில்லின்னு நெனச்சிக்கினு கீற."

"நீங்க என்னைய இன்னான்னு சொல்லிக்கினு இருந்தீங்கன்னு உங்களுக்கே தெரியும் அத்தை."

கங்கம்மாள் டீயை ஊதினாள். குடிக்கவில்லை. "அந்தக் கோடையில அவன் கத்தின கத்து இன்னும் என் காதுல கீது. நாலு வயசுப் புள்ள. அப்பவே முடிவு பண்ணிட்டேன். இவனுக்கு வெளியில பொண்ணு எடுத்தா, அவ நாளைக்கே அம்மா வீட்டுக்குப் போயி வாயப் பொத்திக்கினு சிரிப்பா. ஊருக்கே தெரிஞ்சிடும். என் மவ சிரிக்க மாட்டா. அவள அவனுக்குன்னே வளத்தேன்டி."

யாமினிக்கு ஒரு கணம் அத்தையின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பிடிக்கவில்லை.

"அத மோனிகாகிட்ட கேட்டீங்களா?"

"அவகிட்ட கேக்கறதுக்கு இன்னா கீது?"

"கேக்கறதுக்கு முன்னாடி சொல்றதுக்குத்தான் கீது."

கங்கம்மாளின் முகம் இறுகியது. "இதோ பாரு. மாத்திரைன்னு சொன்னா, மாத்திரையோட போச்சு. ரத்தம்னு சொன்னா ரெண்டு வீடும் போச்சு. உன் புள்ளைக்கும் நாளைக்கு எவ பொண்ணு குடுப்பா? யோசிச்சிக்கோ. வியாழக்கிழம காலைல நான் திருப்பதி போயி ஹாஸ்டல்ல இருந்து மோனிகாவ கூட்டிக்கினு வரேன். வெள்ளிக்கிழம பூ, பழம், மேளம் எல்லாத்துக்கும் சொல்லியாச்சு."

எழுந்து, குடிக்காத டீயை மரத்தடியில் கொட்டிவிட்டுக் காருக்குப் போனாள்.

சித்தூர் வந்ததும் எல்லோரும் இறங்கினார்கள். தூங்குகிற பிள்ளையை யாமினி எழிலரசன் கையில் கொடுத்தாள்.

"கிஷோரோட கடைக்குப் போயிட்டு வந்துடறேன்ங்க. டயப்பர் வாங்கணும்."

"நேத்துதானே ஒரு பை வாங்கினு வந்தேன்?"

"பத்தாது."

அவன் அவளை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தான். "சரி, போஸ்ட் ஆபீஸ் ரோடு வழியா போங்க. பஜார்ல நெரிசலா இருக்கும்" என்றுவிட்டு உள்ளே போனான்.

யாமினி அங்கேயே நின்றாள். போஸ்ட் ஆபீஸ் என்று ஏன் சொன்னான்? வாயில் தற்செயலாக வந்ததா? மோனிகாவுக்குக் கடிதம் போடலாம் என்ற யோசனையை அவளே இன்னும் கிஷோரிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லையே.

அந்த யோசனை வண்டியில் வரும்போதே அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போனில் சொல்லலாம் என்றால் கிஷோருக்குக் குரல் வராது. "மூணு தடவ டைப் பண்ணி அழிச்சிட்டேன்க்கா" என்றான், கார் தெரு திரும்பியதும். "அவ ரூம்ல நாலு பேரு. போன் யார் கையில இருக்கும்னே தெரியாது. எவளாவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா, ஒரு நிமிஷத்துல பிச்சாட்டூர் வரைக்கும் போயிடும். நான் அப்புறம் தெருவுல நடக்கறதா வேணாமா?"

"அப்ப காகிதத்துல எழுது. அவ கையில மட்டும் போய்ச் சேரும்."

தபால் ஆபீஸுக்கு எதிர்க் கடையில் தாளும் கவரும் வாங்கினார்கள். காரின் ஸ்டியரிங்மேல் வைத்து அவன் எழுதினான். முதல் தாளைக் கசக்கினான். இரண்டாவதையும் கசக்கினான். யாமினி இறங்கி வெளியே நின்றுகொண்டாள். கவுன்டர் மூட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. உள்ளே பூட்டுச் சாவியோடு ஒரு ஆள் நடமாடுவது தெரிந்தது.

கடைசியில் அவன் இறங்கி வந்து, இரண்டாக மடித்த தாளை அவளிடம் நீட்டினான்.

"படிச்சிப் பாத்துட்டு ஒட்டு."

மடிப்புக்குள் அவளுடைய கட்டைவிரல் போய்விட்டது. சின்ன ஆபரேஷன், ஒண்ணுமில்லை, பயப்படாதே என்று பூசி மெழுகியிருந்தால்? வெள்ளிக்கிழமை தாண்டட்டும் என்று பட்டும் படாமலும் எழுதியிருந்தால்? வாயைத் திறந்தால் மோனிகா போய்விடுவாள் என்று மத்தியானம் சொன்னவன் இவன்தானே?

"டாக்டர் சொன்னதெல்லாம் எழுதினியா?"

"எழுதினேன்."

"ரெண்டு ஆபரேஷனும்?"

"ரெண்டும்."

"வேணாம்னு சொல்ல அவளுக்கு உரிமை கீதுன்னு?"

கிஷோர் பேனாவை மூடினான். "அதுதான் மொத வரி" என்றான்.

தம்பியின் உடம்பைப் பற்றி, அவன் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்கு அவன் எழுதியது. யாமினி கட்டைவிரலை வெளியே எடுத்தாள். தாளைக் கவருக்குள் போட்டாள். சந்தேகம் அப்படியேதான் இருந்தது. அதோடுதான் போட்டாள்.

தபால் ஆபீஸ் மேஜையில் இருந்த பசை டப்பா ஓரமெல்லாம் காய்ந்து கெட்டித்திருந்தது. குச்சியால் நடுவில் குத்தி எடுத்து, கவரின் வாயில் நீளமாகப் பூசி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். கிஷோர் மோனிகாவின் பெயரையும் ஹாஸ்டல் விலாசத்தையும் எழுதிக் கவுன்டரில் நீட்டினான்.

"ஃப்ரம் அட்ரஸ் லேதே?" என்று உள்ளே இருந்தவர் திருப்பித் தள்ளினார். அனுப்புகிறவர் விலாசம் இல்லையே.

கிஷோர் பேனாவை எடுத்தான். எடுத்தவன் தயங்கினான். ஆண்பிள்ளை பெயர் போட்ட கடிதத்தை வார்டன் நேரே அந்தப் பெண்ணிடம் கொடுப்பாளா? அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்பாள். கங்கம்மாள் வியாழக்கிழமை காலை வரை காத்திருக்க மாட்டாள், அன்றைக்கே பஸ் ஏறிவிடுவாள்.

யாமினி அவன் கையிலிருந்து பேனாவை வாங்கினாள்.

அனுப்புநர் இடத்தில், எழுத்து எழுத்தாக, யாமினி என்று எழுதினாள். அடியில் தன் வீட்டு விலாசம். அடியில் தன் போன் நம்பர்.

"அக்கா, நாளைக்கு இது வெடிச்சா எல்லாரும் உன்னத்தான்..."

"இந்தத் தடவ நான் பண்ணதுக்குச் சொல்லுவாங்க. சொல்லட்டும்."

கவுன்டர்க்காரர் எடை போட்டார், கோடுகோடாக அச்சடித்த சீட்டை ஒட்டினார், முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

"ரேப்பு சேருதுந்தா?" என்று கேட்டாள் யாமினி. நாளைக்குப் போய்ச் சேருமா?

"சூத்தாம்" என்றார் அவர், தலையைத் தூக்காமலே. பார்ப்போம்.

கவர் அவர் தோளுக்குப் பின்னால் பறந்து, திருப்பதிப் பைக்குள் விழுந்தது. சாவிக்காரர் பையின் வாயை இழுத்துக் கட்டி, வாசலில் உறுமிக்கொண்டு நின்ற வண்டியில் தூக்கிப் போட்டார்.